சங்கு பொறித்த பித்தளைப் பொத்தான்: யாருடைய சீருடை?

உறவுகளே வணக்கம். ஹட்டன் பக்கம் தோட்டமொன்றில் இருக்கிறோம். லயத்துக் கூரை மாற்றும்போது கொள்ளுத்தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து மூன்று பித்தளைப் பொத்தான்கள் கிடைத்தன. நடுவில் சங்கு, இருபுறமும் யானை. மருமகன் ஆர்வக்கோளாறில் புளி போட்டுத் தேய்த்ததில் பின்பக்க எழுத்து மங்கிவிட்டது. அவனை என்ன சொல்ல!

கொள்ளுத்தாத்தா நாகர்கோவிலிலிருந்து கணக்கப்பிள்ளையாக வந்தவர். அன்று அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சங்கும் யானைகளும் அதன் சின்னம்; கொடியும் சிவப்பில் வெள்ளைச் சங்குதான். அதுவரை தெளிவு.

பெரியப்பா இது திருவிதாங்கூர் படையான நாயர் பட்டாளத்துப் பொத்தான்தான் என்று சாதிக்கிறார். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக்காரர்கள் தோற்றதையும், பிடிபட்ட டச்சு அதிகாரி டி லன்னாய் பிறகு அந்தப் படையையே பழக்கியதையும் நேரில் பார்த்தவர் போலச் சொல்வார். அந்த டச்சுக்காரர்கள் நம் இலங்கைக் கரையையும் ஆண்டவர்கள் என்பதில் அவருக்குத் தனிச் சந்தோஷம்.

எனக்குச் சந்தேகம். சங்கு படைக்கு மட்டுமா? காசிலும் இருந்தது, 1888இல் வந்த அஞ்சல் முத்திரையிலும் இருந்தது. காவல்துறை, அரண்மனைச் சேவகர், அஞ்சல்காரர் சட்டையிலும் இதே பொத்தான் இருந்திருக்கலாம் அல்லவா?

படைப் பொத்தானை மற்றவற்றிலிருந்து பிரித்தறிவது எப்படி? அளவா, பின்வளையமா? குமரிப் பக்கம் உறவுள்ளவர்கள், பழைய சீருடைப் படம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். படங்களைக் கீழே போடுகிறேன். விற்பனைக்கு அல்ல.