பிளஸ் 1 மார்க் குறைந்தால் கிண்டி கனவு அவ்வளவுதானா?

கணக்கு_கதிர்:
நேற்று நெல்லைநண்பன் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தார்: “பிளஸ் 1-ல் கோட்டை விட்டவன் கிண்டி பொறியியல் கல்லூரி மாதிரி நல்ல கல்லூரிக்கு விண்ணப்பிப்பதே வீண்.” யார் சார் சொன்னது? பொறியியல் கவுன்சிலிங்கில் இடம் தரப் பார்க்கும் தரவரிசை மார்க், அதாவது கட் ஆஃப், 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மூன்றும் பிளஸ் 2 மார்க். கட் ஆஃப் சமமானால் முதலில் கணிதம், அப்புறம் இயற்பியல் பார்ப்பார்கள். இதில் பிளஸ் 1 எங்கே வருகிறது, காட்டுங்கள்.

நெல்லைநண்பன்:
2021-ல் வந்ததே! கொரோனாவால் பிளஸ் 2 தேர்வு ரத்தானபோது எப்படி மார்க் போட்டார்கள்? பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், பிளஸ் 1-க்கு 20, பிளஸ் 2 செய்முறை, அக மதிப்பீட்டுக்கு 30. பிளஸ் 1-ல் தூங்கினவன் எல்லாம் அன்றைக்குத் திருதிருவென்று முழித்தான். வாத்தியாருக்கு இது மட்டும் மறந்துபோகும்.

கணக்கு_கதிர்:
கொள்ளைநோய் வந்த வருடத்தைத்தான் பிடித்துத் தொங்குவீர்களா? 2025-26 முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வே கிடையாது. மறுபடியும் கேட்கிறேன். 200-ல் பிளஸ் 1 எங்கே?

தேன்மொழி_அம்மா:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்குப் பிளஸ் 1 இயற்பியலில் 48. ரேங்க் கார்டில் அந்த 48-ஐச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பெற்றோர் கையெழுத்துக்குப் பக்கத்தில் “கவனிக்கவும்” என்று எழுதி அனுப்பினார்கள். இப்போது அரையாண்டில் 91. கணிதம் எப்போதும் 95-க்கு மேல். சாய்ஸ் லிஸ்ட்டில் கிண்டியை முதலில் போடலாமா?

சிங்கை_செல்வன்:
இதெல்லாம் நம் ஊர் கூத்து. அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருட மார்க்கையும் பார்ப்பார்கள். சரிந்து ஏறினால் அந்த ஏற்றத்துக்கும் மதிப்பு உண்டு.

கணக்கு_கதிர்:
செல்வன் தம்பி, நீங்கள் இருப்பது சிங்கப்பூர், பேசுவது அமெரிக்கா, நாங்கள் கேட்பது கிண்டி. என் மாணவன் ஒருவன் தமிழில் 62, ஆங்கிலத்தில் 70. ஆனால் கணிதம் 98, இயற்பியல் 95, வேதியியல் 97. கட் ஆஃப் 194. பிளஸ் 1-ல் அவன் என்ன வாங்கினான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நெல்லைநண்பன்:
தமிழில் 62-ஐப் பெருமையாகச் சொல்லும் ஆசிரியரை இன்றுதான் பார்க்கிறேன். பிளஸ் 1 பொதுத்தேர்வு எதற்கு வந்தது? பல பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பிளஸ் 2-வையே உருப்போட வைத்ததால். பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வுகளான ஜேஇஇ, நீட் இரண்டிலும் பிளஸ் 1 பாடமும்தான் வருகிறது. ஐஐடிக்கோ பிளஸ் 2-வில் 75 சதவீதம் வேண்டும், அதில் மொழிப்பாடமும் சேரும்.

கணக்கு_கதிர்:
75 சதவீதம், அல்லது அவரவர் போர்டில் முதல் 20 பர்சென்டைல், அதாவது முதல் 20 சதவீத மாணவர்களுக்குள் வர வேண்டும். பாதியை முழுங்காதீர்கள். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 65. எல்லாம் பிளஸ் 2! நீங்களே பிளஸ் 2 என்று எழுதிவிட்டு என்னிடம் பிளஸ் 1 கதை விடுகிறீர்களே. பாடம் படிக்க வேண்டும் என்பது வேறு, மார்க் எண்ணப்படும் என்பது வேறு.

வைகை_வாசகன்:
அது சரி, “நல்ல கல்லூரி” என்று எதைச் சொல்கிறீர்கள்? கிண்டி மட்டுமா?

நெல்லைநண்பன்:
என் அண்ணன் மகனிடம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பிளஸ் 1 பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். இதற்கு என்ன சொல்கிறார் கதிர் சார்?

கணக்கு_கதிர்:
எந்தப் பல்கலைக்கழகம்? பெயர் சொல்ல மாட்டீர்கள். போன வருடமும் இப்படித்தான், “எனக்குத் தெரிந்த ஒருவர்” என்று ஆரம்பித்துக் கட் ஆஃப் ஏறும் என்று எல்லோரையும் பயமுறுத்தினீர்கள்.

நெல்லைநண்பன்:
அதில் என்னைத் திட்டி எழுதியதை இரவோடு இரவாக அழித்தது யார்? திரைப்பிடிப்பு என்னிடம் இருக்கிறது.

தேன்மொழி_அம்மா:
சார், கிண்டியை முதலில் போடலாமா?

கணக்கு_கதிர்:
ஒரு நிமிடம் மேடம். நெல்லைநண்பன், தைரியமிருந்தால் அந்தத் திரைப்பிடிப்பை இங்கே போடுங்கள். அதோடு அந்த 200-ல் பிளஸ் 1 எங்கே என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.

நெல்லைநண்பன்:
2021.