புதுப்பிப்பு: பழைய கேம்பர் வேனை வாங்கலாமா? வாங்கவில்லை, காரணம் ஈரம்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பெயின்ட் மங்கி, சீட் கிழிந்துபோன ஒரு பழைய கேம்பர் வேன் (உள்ளேயே படுத்துத் தங்கும் வசதியுள்ள வேன்), ஆனால் இன்ஜின் நன்றாக ஓடுகிறது, வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கவில்லை.

"இன்ஜின் இருக்கட்டும், முதலில் சுவரில் ஈரம் இருக்கிறதா பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். சுவரின் நடுவில் எங்கே வைத்தாலும் 15 சதவீதத்துக்குள்தான் காட்டியது. கூரை ஜன்னலைச் சுற்றியும் பின்பக்க மூலைகளிலும் வைத்தால் 30-ஐத் தாண்டியது. மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினேன், பலகை சொதசொதவென்று உள்ளே போய்விட்டது. மேலே புதிதாக ஒட்டிய வால்பேப்பர்தான் அதை மறைத்திருந்தது. உள்ளே மரச்சட்டமும் உளுத்திருந்தால் சுவரையே பிரித்துக் கட்ட வேண்டும். இன்ஜின் வேலையைவிட அது பெரிய வேலை.

நான் எதிர்பார்க்காதது டயர். பட்டன் (டயரின் மேல் உள்ள மேடுபள்ளம்) தேயாமல் அப்படியே இருந்தது. பக்கவாட்டில் இருந்த தயாரிப்பு எண் 2311, அதாவது 2011-ஆம் ஆண்டின் 23-வது வாரம். நிறுத்தியே வைத்த வண்டியில் டயர் தேயாது, ஆனால் ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும். இதிலும் பக்கச்சுவரில் முடி போல வெடிப்புகள் இருந்தன.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னவருக்கு: உடனே பிடித்துக்கொண்டது, புகையும் இல்லை.

சரி, வேறு வேன் தேடுகிறேன். அடுத்ததை நல்ல மழை பெய்த மறுநாள்தான் போய்ப் பார்ப்பேன்.