சுரங்கத்துக்குள் இருக்கும் மான்ஸ்டர் எதைத் தின்று உயிர் வாழ்கிறது?

கல்விளக்கு:
வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஐந்தாம் லெவலில் நான்கு பேர். இடம், கைவிடப்பட்ட பழைய வெள்ளிச் சுரங்கம், மூன்று தளம். மேல்வாயில் சிங்க உடம்பும் சிறகும் முள் வாலும் கொண்ட மான்டிகோர், நடுத்தளத்தில் கண்ணாடி போலத் தெளிந்த கூழ்க்கட்டியான ஜெலட்டினஸ் க்யூப், அடித்தளத்தில் காயம் தானே ஆறும் பச்சை நிற அரக்கனான ட்ரோல். சண்டைக் கணக்கு எல்லாம் போட்டாகிவிட்டது. சிக்கல் வேறு. ஆட்டக்காரர்களில் ஒருவர் விலங்கியல் படித்தவர். "இந்த மூன்றும் உள்ளே எதைத் தின்கின்றன? ஒன்றை ஒன்று ஏன் தின்னவில்லை? சிங்கம் அளவு உடம்பு எப்படிப் பறக்கும்?" என்று கேட்பார். நியாயமான கேள்விகள்தான். "மந்திரம்" என்று சொன்னால் அவர் அடுத்த கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுவார், அதுதான் எனக்குக் கவலை. உணவுச் சங்கிலி முழுக்க எழுதி வைக்க வேண்டுமா? எந்த அளவோடு நிறுத்தலாம்?

வேம்படி:
முழுக்க எழுத வேண்டாம். ஆனால் தீனிக் கணக்கை மட்டும் போட்டுவிடுங்கள், பத்து நிமிட வேலை, வரைபடமே மாறிவிடும்.

ஒரு புலிக்கு ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு மான் வேண்டும், வருடத்துக்கு ஐம்பது. ட்ரோலின் உடம்புக்கு அதைவிடக் குறைவாகப் போதாது. மூடிக் கிடக்கும் சுரங்கத்துக்குள் அவ்வளவு இறைச்சி ஏது? வெளியே போய்த்தான் வேட்டையாட வேண்டும். மேலே மான்டிகோர், நடுவே க்யூப், அந்த வழி ஆகாது. அப்படியானால் அதற்குத் தனி வாசல் இருக்கிறது. மலைப்பகுதியில் ஆழமாகத் தோண்டிய சுரங்கங்களில் ஊற்றுநீர் தேங்காமலிருக்க, அடியிலிருந்து மலைச்சரிவுக்கு ஒரு வடிகால் சுரங்கம் வெட்டுவது உண்மையிலேயே வழக்கம். அதை வரைபடத்தில் சேருங்கள். ட்ரோல் இரவில் அதன் வழியாகப் பள்ளத்தாக்குக்கு இறங்கி ஆடு மாடு தூக்குகிறது. உங்கள் நண்பர் "என்ன தின்கிறது?" என்று கேட்டால் அதற்குப் பரிசாக இரண்டாவது நுழைவாயில் கிடைக்கும். மான்டிகோரைத் தொடாமலே உள்ளே போகலாம்.

க்யூபுக்குத் தீனி எளிது. மேல்தளத்தில் வௌவால் கூட்டத்தை வையுங்கள். நிஜக் குகைகளிலும் பல இடங்களில் வௌவால் எச்சத்தை நம்பித்தான் பூச்சிகள் வாழ்கின்றன. எச்சத்தைப் பூச்சி தின்னும், பூச்சியை எலி, எலியை க்யூப். இருட்டில் வாழும் உயிர்கள் கொஞ்சத் தீனியில் காலம் தள்ளும். ஸ்லோவேனியக் குகைகளில் இருக்கும் ஓல்ம் என்ற கண்தெரியாத நீர்ப்பல்லி ஆண்டுக்கணக்கில் தின்னாமலே இருக்கும்.

அளவையும் பாருங்கள். க்யூப் பக்கத்துக்கு பத்தடி. பிசுபிசுப்பான மற்ற ஜந்துக்களைப் போல இடுக்கில் ஒழுகிப் போகும் குணம் அதன் விவரக்குறிப்பில் கிடையாது. சுரங்க வழிகள் ஐந்தடி என்று வரைந்திருந்தால் அது உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் நகர முடியும். நடுத்தளத்தில் தாது வண்டி ஓடிய பெரிய பாதை ஒன்றைப் பத்தடிக்கு அகலப்படுத்துங்கள், அது அங்கேயே சுற்றட்டும். ஏறவும் தெரியாது, அதனால்தான் ட்ரோலும் அதுவும் சந்திப்பதே இல்லை.

இருபதுமுகம்:
வடிகால் யோசனை அருமை. ஆனால் நம்பகத்தன்மை தீனிக் கணக்கில் இருந்து வருகிறது என்பதை நான் ஏற்க மாட்டேன். ஆந்தைத்தலைக் கரடி அவுல்பேர் 1975இல் கிரேஹாக் துணைநூலில் வந்தது. அதுவும், இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரும் ஹாங்காங்கில் தயாரான மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து உருவானவை. உயிரியல் எதுவும் கிடையாது. ஆனாலும் ரஸ்ட் மான்ஸ்டர் வந்தால் இரும்புக் கவசம் போட்டவர் பின்னால் ஓடுகிறார், மரத்தடி வைத்திருப்பவர் முன்னால் வருகிறார். யாரோ ஒருவர் இரும்புக் கடப்பாரையைத் தூக்கி எறிந்து அதன் கவனத்தைத் திருப்புகிறார். அது எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது, அதை வைத்து ஆட்டக்காரர் திட்டம் போட முடிகிறது. நம்புவது அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே பின்கதையை விட்டுவிட்டு, கண்ணுக்கும் மூக்குக்கும் காதுக்கும் எட்டுவதை மட்டும் எழுதுங்கள். க்யூபையே எடுத்துக்கொள்வோம். அசையாமல் நின்றால் கண்டுபிடிக்க பெர்செப்ஷன் (கவனிக்கும் திறன்) பகடையில் 15 வேண்டும், தவறினால் நேராக உள்ளே நடந்துவிடுவார்கள். சிக்கியவுடன் 3டி6 (மூன்று ஆறுமுகப் பகடை) அமிலச் சேதம், அப்புறம் அதன் ஒவ்வொரு முறையிலும் 6டி6. முன்னறிவிப்பு இல்லாமல் இது நடந்தால் ஆட்டக்காரர் கோபப்படுவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும். வண்டிப்பாதையின் கூரையைப் பன்னிரண்டு அடி என்று வையுங்கள். தரையில் தூசி இல்லை, எலிப்புழுக்கை இல்லை. சுவர் பத்தடி உயரம் வரை கழுவி விட்டது போல வழவழவென்று இருக்கிறது. அதற்கு மேல், அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல, பாசியும் ஒட்டடையும் தொடங்குகின்றன. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். "க்யூப்" என்ற சொல்லை நீங்கள் சொல்லவே கூடாது. விலங்கியல் நண்பர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு நின்றுவிடுவார்.

மான்டிகோருக்கு வாலில் 24 முட்கள், முறைக்கு மூன்று எறியும். எட்டு முறையில் காலி, நீண்ட ஓய்வுக்குப் பிறகுதான் மீண்டும் முளைக்கும். வாசலுக்கு வெளியே மரங்களில் பழைய முட்கள் குத்தி நிற்கட்டும். அதற்கு 68 ஹெச்பி (உயிர்ப்புள்ளி). 34க்குக் கீழே போனால் அல்லது முள் தீர்ந்தால் பறந்துவிட வேண்டும். சாகும்வரை ஒரே இடத்தில் நின்று சண்டை போடும் மிருகத்தைத்தான் யாரும் நம்ப மாட்டார்கள். பேசவும் தெரிந்தது அது. ஒரு கழுதையைக் கேட்டு வழிவிடலாம்.

ஒன்று கவனியுங்கள். தப்பிய மான்டிகோர் மலையைச் சுற்றிவந்து ட்ரோல் சண்டையில் சேர்ந்தால் 700ம் 1800ம் 2500 எக்ஸ்பி (எதிரியின் பலத்தைக் காட்டும் அனுபவப்புள்ளி). எதிரி இரண்டு என்பதால் 1.5ஆல் பெருக்கி 3750. உங்கள் நால்வருக்கு ஹார்ட் (கடினம்) எல்லை 3000, டெட்லி (உயிருக்கே ஆபத்து) 4400. சாகடிக்காது, ஆனால் நன்றாக வலிக்கும்.

கல்விளக்கு:
பாசிக்கோடு மிக நன்றாக இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ட்ரோலுக்கு இதே மாதிரி தடயம் வைத்தால், தீ அதன் பலவீனம் என்று முன்பே தெரிந்துவிடுமே? சண்டை சப்பென்று ஆகாதா? பறக்கும் கேள்வியும் பாக்கி இருக்கிறது.

மைக்கூடு:
ஆகாது. தெரியாமல் போனால்தான் சண்டை கெடும். ட்ரோலுக்கு 84 ஹெச்பி, முறைக்குப் பத்து திரும்பி வரும். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும் அடுத்த முறையில் எழுந்து நிற்கும். காரணம் புரியாத ஆட்டக்காரர்களுக்கு இது ஆட்டத்தை நடத்தும் டிஎம் ஏமாற்றுவது போலத் தோன்றும்.

தெரிந்தால் மட்டும் சுலபமாகிவிடாது. தீயோ அமிலமோ பட்டால் அதன் அடுத்த முறையில் மட்டும்தான் காயம் ஆறாது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஒருவர் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தீப்பந்தத்தால் அடித்தால் 1 தீச்சேதம், அதுவே போதும். ஆனால் பகடை அதன் தற்காப்பு எண்ணான ஏசி 15ஐத் தொட வேண்டும், அந்த ஆள் வாளை வீசும் வாய்ப்பை இழக்கிறார். எண்ணெய்க் குப்பி ஒரு வெள்ளி, எரிந்தால் 5 சேதம். ஆல்கெமிஸ்ட் ஃபயர் 50 பொன். எதை வாங்குவது என்று ஊரிலேயே விவாதம் நடக்கும். உங்கள் வடிகாலில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடட்டும், கீழே விழுந்த பந்தம் அணைந்துவிடும்.

தடயம் ஒன்று போதாது, ஆட்டக்காரர் தவறவிடுவார். குறைந்தது மூன்று வையுங்கள், மூன்று இடத்தில். வடிகால் வாய்க்குக் கீழே உள்ள கிராமத்தில் பட்டியைச் சுற்றி இரவெல்லாம் நெருப்பு எரிகிறது, அந்தப் பட்டியில் மட்டும் ஒரு ஆடும் குறையவில்லை. வடிகாலுக்குள் வெட்டுப்பட்டு விழுந்த பச்சைக் கை ஒன்று கிடக்கிறது, விரல் நுனி மட்டும் கரிந்திருக்கிறது. அடித்தளத்தில் ஒரு மூலையில் பழைய உலைக்களம், சாம்பலோடு. ட்ரோலின் கால்தடங்கள் அறை முழுக்க இருக்கின்றன, அந்த மூலையில் ஒன்றுகூட இல்லை.

வேம்படி:
இருபதுமுகம் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் அந்தப் பாசிக்கோடே க்யூப் எதைத் தின்கிறது என்ற கேள்விக்கான பதில்தானே. தீனிக் கணக்கு இல்லாமல் அது தோன்றியிருக்காது.

பறப்பதற்கு வருகிறேன். உயரம் இரட்டிப்பானால் எடை எட்டு மடங்கு, எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்கு மட்டும். கலிலியோ 1638இலேயே இதை எழுதிவிட்டார். அதே கணக்குச் சிறகுக்கும் பொருந்தும், பரப்பு நான்கு மடங்குதான் கூடும். இருந்தாலும் க்வெட்சால்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வனம் ஒன்று இருந்தது. சிறகு விரித்தால் சுமார் பத்து மீட்டர், எடை 200 கிலோவுக்குமேல் என்று மதிப்பிடுகிறார்கள். அதாவது ஒரு ஆண் சிங்கத்தின் எடை. உங்கள் மான்டிகோருக்கும் பத்து மீட்டர் சிறகு கொடுங்கள், உடம்பை ஒல்லியாக வர்ணியுங்கள். நண்பர் ஒப்புக்கொள்வார்.

ஒப்புக்கொண்டதும் அதை விதியோடு கட்டிவிடுங்கள். பத்து மீட்டர் சிறகை சுரங்கத்துக்குள் விரிக்க இடமில்லை, ஆகவே அது வாசலுக்கு மேலே பாறை விளிம்பில்தான் உட்காரும். ஐந்தடிப் பாதைக்குள் துரத்தி வந்தால் லார்ஜ் (பத்தடி இடம் பிடிக்கும்) அளவு என்பதால் உடம்பைக் குறுக்கித்தான் நுழைய வேண்டும். அதன் தாக்குதல்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது), அதைத் தாக்குபவர்களுக்கு அட்வான்டேஜ் (பெரியதை எடுப்பது), நகர்வும் பாதியாகிவிடும். சிறகின் அகலத்தை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், உள்ளே இழுத்துவரும் யோசனை அவர்களுக்கே வரும். ட்ரோலும் லார்ஜ்தான், அதனால் வடிகால் எங்கே ஐந்தடி, எங்கே பத்தடி என்பதை ஆட்டத்துக்கு முன்பே கட்டத்தாளில் குறித்து வையுங்கள்.