ரிட்டர்ன் பார்சல் எடை குறைந்து வந்திருக்கிறது, பிரிக்கலாமா?

பினாங்கு விளக்குக் கடை:
வணக்கம். 420 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) விலையில் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று ஆன்லைனில் விற்றேன். வாங்கியவர் "படத்தில் பார்த்தது மாதிரி இல்லை" என்று ரிட்டர்ன் போட்டார், தளமும் ஒப்புக்கொண்டது. அனுப்பும்போது கூரியர் பதிவில் 3.4 கிலோ. திரும்பி வந்த பெட்டி என் தராசில் 2.1 கிலோதான். இன்னும் பிரிக்கவில்லை. பணத்தைத் திருப்பிவிடும் பொத்தான் திரையில் காத்திருக்கிறது. என்ன செய்யட்டும்?

பிரிக்ஃபீல்ட்ஸ் புடவைக்காரர்:
பொத்தானைத் தொடாதீர்கள் அண்ணா. முதலில் டிஸ்பியூட் (ரிட்டர்னை எதிர்த்துத் தளத்திடம் செய்யும் முறையீடு) போடக் கடைசி நாள் எது என்று பாருங்கள். அது தாண்டினால் பணம் தானாக வாங்கியவருக்குப் போய்விடும், அப்புறம் எந்த ஆதாரமும் உதவாது.

பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுங்கள், நடுவில் நிறுத்தவே கூடாது. முதலில் லேபிள், டிராக்கிங் எண் படிக்கிற அளவுக்குக் கிட்டத்தில். அடுத்து பெட்டியின் ஆறு பக்கமும். டேப்பை மெதுவாகக் காட்டுங்கள்: ஒரு டேப்பின் மேல் இன்னொரு டேப் இருக்கிறதா, அட்டை கிழிந்திருக்கிறதா? பிறகு பெட்டியைத் தராசில் வைத்து எண் தெரிய எடுங்கள். அதற்கப்புறம் வெட்டுங்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுத்து அதையும் தனியாக எடை போடுங்கள். இவ்வளவும் முடியும்வரை பெட்டி கேமராவை விட்டு விலகக் கூடாது. விலகினால் "நடுவில் மாற்றிவிட்டார்" என்ற வாதத்துக்கு நாமே வழி விட்டதாகும்.

பெட்டி, டேப், உள்ளே அடைத்த காகிதம் எதையும் வீசாதீர்கள். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமித்தால் தரம் குறையும். மூலக் கோப்பு போனிலேயே இருக்கட்டும்.

பட்டர்வொர்த் மின்சாதனம்:
எடைதான் உங்கள் பலம். ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள்: கூரியர் பதிவில் இருப்பது உண்மையான எடையா, கன அளவு எடையா? கன அளவு எடைக்குப் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்கள் (சில கூரியரில் 6000). உண்மையான எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 35 × 25 × 15 பெட்டி என்றால் சுமார் 2.6 கிலோ வரும். உங்கள் பெட்டி அந்த அளவு என்றால், பதிவு 3.4 என்பதால் அது தராசு எடைதான். பெட்டி பெரிதாக இருந்திருந்தால் 3.4 கன அளவு எடையாகவும் இருக்கலாம், அப்போது இந்த ஆதாரம் செல்லாது.

ரிட்டர்ன் பார்சலுக்கு வாங்கியவர் ஒப்படைத்த இடத்தில் பதிவான எடையைக் கூரியரிடம் எழுத்தில் கேளுங்கள். அங்கேயே 2.1 என்றால் பொருள் அங்கு வருவதற்கு முன்பே மாறிவிட்டது. அங்கே 3.4 இருந்து உங்களிடம் 2.1 ஆனால் வழியில் கை வைத்திருக்கிறார்கள், கூரியரிடம்தான் இழப்பீடு கேட்க வேண்டும். அது தெரியும்வரை டிஸ்பியூட்டில் "வாங்கியவர் ஏமாற்றினார்" என்று எழுத வேண்டாம். "அனுப்பிய பொருளும் வந்த பொருளும் ஒன்றல்ல" என்று மட்டும் எழுதுங்கள். குற்றவாளி யார் என்று சொல்லப்போய், அதை நிரூபிக்க முடியாமல் நல்ல கேஸைத் தோற்கிறவர்கள் நிறைய.

பினாங்கு விளக்குக் கடை:
சொன்னபடி எடுத்துவிட்டேன். உள்ளே வேறு விளக்கு. காந்தம் ஒட்டுகிறது.

பட்டர்வொர்த் மின்சாதனம்:
பித்தளையில் காந்தம் ஒட்டாது. தட்டு, தண்டு, மேல் குமிழ் என்று தனித்தனியாக வைத்துக் காட்டுங்கள். அடிப்பாகத்தில் மட்டும் காட்டாதீர்கள், நல்ல விளக்கிலும் உள்ளே இரும்புத் திருகு இருக்கலாம். வேறு கேஸில் காந்தம் ஒட்டவில்லை என்பதற்காகப் பித்தளை என்றும் முடிவு செய்யாதீர்கள், அலுமினியத்திலும் ஒட்டாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் புடவைக்காரர்:
டிஸ்பியூட்டை மலாயிலோ ஆங்கிலத்திலோ நான்கைந்து வரியில் எழுதுங்கள். வாங்கியவரோடு தமிழில் பேசிய சாட் இருந்தால் அதன் மொழிபெயர்ப்பும் சேருங்கள். நீளமான வீடியோவைப் பார்ப்பவர் முழுதும் பார்ப்பார் என்று நம்ப வேண்டாம். லேபிள், இரண்டு எடை, காந்தம் ஒட்டிய இடம், இவற்றைப் படங்களாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் வீடியோவின் நிமிடம், நொடியைக் குறியுங்கள்.

பினாங்கு விளக்குக் கடை:
லேபிளில் உள்ள பெயரையும் முகவரியையும் ஃபேஸ்புக்கில் போட்டு மற்ற வியாபாரிகளை எச்சரிக்கலாமா?

கே.எல். கணக்கர்:
தயவுசெய்து வேண்டாம் தம்பி. வியாபாரத்துக்காகக் கிடைத்த தகவலை இப்படிப் பரப்பினால் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் மேல் திரும்பும். மாற்றியது கூரியரில் ஒருவர் என்று தெரியவந்தால் அவதூறு வழக்கும் சேரும்.

டிஸ்பியூட் தோற்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகாதீர்கள், அது பயனீட்டாளருக்கானது, விற்பவர் அங்கே மனு போட முடியாது. போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். ஏமாற்றிப் பொருளைப் பறிப்பது குற்றவியல் சட்டம் 420ஆம் பிரிவில் வரும். பணத்துக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு உரிமைக் கோரிக்கை இருக்கிறது: 5,000 வெள்ளி வரை, படிவம் 198, வக்கீல் தேவையில்லை. ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். தளம் லேபிளில் பாதியை மறைத்திருந்தால் அங்கேதான் சிக்கும், அதனால்தான் ரிப்போர்ட்டை முதலில் செய்யச் சொல்கிறேன்.

பட்டர்வொர்த் மின்சாதனம்:
இனி அனுப்பும் விளக்குகளுக்கு: 3 மி.மீ. எண் பஞ்ச் (சுத்தியலால் அடித்து உலோகத்தில் எண் பதிக்கும் அச்சு) வாங்கி, அடித்தட்டின் கீழ்ப்புறத்தில் ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை அடியுங்கள். விளக்கைக் கவிழ்த்து, தட்டு மரக்கட்டை மேல் படிய வைத்து அடித்தால் நெளியாது. அந்த எண், தராசு, லேபிள் மூன்றும் ஒரே பேக்கிங் வீடியோவில் வரட்டும். ஒட்டும் ஸ்டிக்கர் போதாது, அதை உரித்து மாற்று விளக்கில் ஒட்டிவிடலாம்.