ஆடி 18-ஐ விட்டால் சம்பா போச்சா?

சோழவரத்தான் (இரவு 8:40)
நேற்று எங்கள் உழவர் வாட்ஸ்ஆப் குழுவில் மழைக்காலச் சம்பா நெல் விதைப்பு பற்றி ஒரு குரல் பதிவு வந்தது. "ஆடி 18 தாண்டி சம்பாவுக்கு விதை விடுகிறவன் விவசாயியே இல்லை, அவனுக்குப் பாதி மகசூல்தான்" என்று ஒருவர் நான்கு நிமிடம் பேசியிருக்கிறார். காலையில் பார்த்தால் அதே பதிவு இன்னும் மூன்று குழுக்களில் சுற்றுகிறது. மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்களே எண்ணிப் பாருங்கள். சி.ஆர். 1009 நெல்லுக்கு 155 நாள். ஆடி 18, அதாவது ஆகஸ்ட் 3-ல் விதை விட்டால் ஜனவரி 5-ல் அறுப்பு. அறுப்புக்கு முப்பது நாள் முன்னால் பூ எடுக்கும். அது டிசம்பர் 6. இப்போது நம் திருவள்ளூர் பக்கத்துப் புயல் கணக்கைப் பாருங்கள். 2015 பெருமழை டிசம்பர் 1. வர்தா 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் 2023 டிசம்பர் 3, 4. பயிர் பூத்து நிற்கிற நேரத்துக்குச் சரியாகப் புயல் வருகிறது. இதைத் தெரிந்துகொண்டே ஆடி 18-ல் விடச் சொல்கிறவருக்கு நம் கழனி மேல் என்ன கோபம்?

மீஞ்சூர் கழனி (இரவு 8:58)
ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லி வைத்த பெரியவர்களுக்கு எண்ணத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அப்படித்தானே? நான் நாற்பது வருஷமாக ஆடி 18-ல்தான் விடுகிறேன். அந்தக் குரல் பதிவில் ஒரு சொல் தப்பில்லை.

சோழவரத்தான் (இரவு 9:03)
ஐயா, அந்தப் பழமொழி எந்தப் பயிருக்குச் சொன்னது? மானாவாரிக்கும் காய்கறிக்கும் ஆடி சரி. பெரியவர்கள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் மிக்ஜாம் முடிந்து எட்டாம் நாள் நான் கழனியில் இறங்கினேன். கதிர் தலை சாயவே இல்லை, குச்சி மாதிரி நேராக நின்றது. நெல் பால் பிடித்திருந்தால் பாரத்தில் வளைந்திருக்கும். ஒரு கதிரைப் பறித்து ஒவ்வொரு மணியாக நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். பத்தில் ஆறு வெறும் உமி, உள்ளே ஈரம்கூட இல்லை. நெல் பூ காலை ஒன்பது, பத்து மணிக்கு வாய் திறந்து கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் இரண்டு நாள் விடாமல் மழை அடித்தால் மகரந்தம் எங்கே போய்ச் சேரும்? அந்தப் பயிரை நான் விட்ட நாள் ஆடி 18. என் அப்பா பேச்சைக் கேட்டு விட்டேன்.

ஆரணிக்கரை (இரவு 9:10)
ஒரு விஷயம் கேட்கிறேன், இரண்டு பேரும் சொல்லுங்கள். "விதை" என்று எதைச் சொல்கிறீர்கள்? நாற்றங்காலில் விடுவதையா, நடவையா, நேராக வயலில் தெளிப்பதையா? 155 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள்? இது தெரியாமல் நாள் பேசினால் ஒரு மாசம் முன்னே பின்னே போய்விடும்.

மீஞ்சூர் கழனி (இரவு 9:14)
மிக்ஜாம் மிக்ஜாம் என்று ஒரே பாட்டு. நவம்பர் 2021 மறந்து போச்சா? பூண்டி ஏரி உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் திறந்து மணலி புதுநகரே தண்ணீரில் நின்றது. எங்கள் பக்கம் வரப்பே தெரியவில்லை. ஆடி 18-ல் விட்ட என் பயிர் அன்றைக்கு இடுப்பு உயரம். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிக்கொண்டு அப்படியே நின்றது. பக்கத்துக் கழனிக்காரர் உங்களை மாதிரி யோசித்து ஆவணி கடைசியில் விட்டவர். அவர் பயிர் ஒரு சாண்தான். நாலு நாள் மூழ்கிக் கிடந்து, வடிந்தபோது பிடித்து இழுத்தால் வேரோடு வந்தது, அழுகின நாற்றம். இப்போது சொல்லுங்கள், ஆடி 18 தப்பா?

சோழவரத்தான் (இரவு 9:21)
தப்புதான். ஒரு வருஷத்தை வைத்து நாற்பது வருஷம் பேசாதீர்கள்.

மீஞ்சூர் கழனி (இரவு 9:22)
நீங்கள் மட்டும் ஒரு மிக்ஜாமை வைத்துப் பேசலாமா தம்பி?

மாதவரம் மாடி (இரவு 9:30)
அண்ணா, எங்கள் அப்பாவின் நிலம் பொன்னேரி பக்கம், நான் மாதவரத்தில் இருந்து போய் வருகிறேன். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். நமக்கு நவம்பரில்தான் அதிகம் கொட்டும். ஆனால் 2016-ல் தமிழ்நாடு முழுக்க இந்தப் பருவத்தில் 62 சதவீதம் மழை குறைவு. அந்த வருஷம் யார் எந்த நாளில் விட்டாலும் ஒன்றுதான். நாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் ரகத்தை மாற்றலாமே? திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 13 இருக்கிறது, 130 நாள். அதை ஆவணி 25, அதாவது செப்டம்பர் 10 வாக்கில் விட்டால் பூ டிசம்பர் 19-க்குப் போய்விடும்.

மீஞ்சூர் கழனி (இரவு 9:34)
மாடியில் நின்று மேகம் பார்க்கிறவர்கள் கழனி யோசனை சொல்ல வேண்டாம். செப்டம்பர் 10-ல் விட்டு, 25 நாள் நாற்றைப் பிடுங்கி அக்டோபர் 5-ல் நட்டால், மழை தொடங்கும்போது பயிருக்கு வயலில் பதினைந்து நாள். தூர் கூடக் கட்டியிருக்காது. அது மூழ்குமா மூழ்காதா?

மாதவரம் மாடி (இரவு 9:37)
நான் மாடியில் நிற்பவன் இல்லை ஐயா. போன நவரைப் பட்டத்தில் நானே களை எடுத்தேன். பேரைப் பார்த்து ஆளை எடை போடாதீர்கள்.

சோழவரத்தான் (இரவு 9:41)
மூழ்கும் என்று பயந்தால் சி.ஆர். 1009 சப்-1 போடுங்கள். இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் திரும்பத் துளிர்க்கும். ஆனால் பூ எடுத்த கதிரைக் காப்பாற்ற எந்த ரகமும் இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான். இளம் பயிர் போனால் மறுநடவுக்கு வழி உண்டு, அக்கம்பக்கத்தில் நாற்று கேட்டு வாங்கலாம். பூவில் போனால் அந்த வருஷமே போச்சு. உரம், நடவுக் கூலி, மருந்து எல்லாம் அதற்குள் கழனியில் கொட்டி முடித்திருப்போம். அதனால் எந்த நாளில் விதைக்கலாம் என்று கேட்காமல் எந்த நாளில் பூக்கும் என்று கேளுங்கள். ஆடி 18 அதற்கு ஆகாது.

செங்குன்றம் மில் (இரவு 9:50)
நான் அரிசி மில்லில் வேலை பார்க்கிறவன். ஜனவரி முதல் வாரத்தில் வருகிற நெல் எப்போதும் ஈரம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் தாண்டினால் தயங்குகிறார்கள், அதனால் எங்களிடம் வருகிறீர்கள். பொங்கலுக்குப் பிறகு வருகிற நெல் காய்ந்து பளபளவென்று வரும், விலையும் கூடக் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் சோழவரத்தார் பக்கம் நியாயம் இருக்கிறது.

மீஞ்சூர் கழனி (இரவு 9:55)
மில்காரர்களா நியாயம் பேசுவது? மூட்டைக்கு இரண்டு கிலோ ஈரக்கழிவு என்று பிடித்த மில்லை நான் இன்னும் மறக்கவில்லை. வெயிலில் மூன்று நாள் காயவைத்த நெல் அது. சாக்கைத் திறந்து கையை விட்டுப் பார்க்காமலே எழுதினார்கள்.

செங்குன்றம் மில் (இரவு 9:58)
அது எங்கள் மில் இல்லை. எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

மீஞ்சூர் கழனி (இரவு 9:59)
எந்த மில் என்று நான் சொல்லவே இல்லையே. உங்களுக்கு ஏன் உறுத்துகிறது?

ஆரணிக்கரை (இரவு 10:04)
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நாற்றங்காலா நடவா? எங்களுக்கு ஆற்றுப் பாசனம், சொர்ணவாரி, அதாவது சம்பாவுக்கு முந்தின பட்டத்து நெல், அறுப்பே ஆடி கடைசியில்தான் முடியும். அதனால்தான் கேட்கிறேன்.

சோழவரத்தான் (இரவு 10:08)
ஆரணிக்கரை அக்கா சொன்னதைக் கவனியுங்கள். சொர்ணவாரி போட்டவர்கள் கழனியில் ஆடி 18-ல் நெல் நின்றுகொண்டிருக்கும். நிற்கிற நெல்லுக்கு மேலேயா விதைப்பார்கள்? குரல் பதிவு அனுப்பியவருக்கு இது தெரியாதா?

மீஞ்சூர் கழனி (இரவு 10:11)
மூலையில் ஐந்து சென்ட் நாற்றங்காலுக்கு விட்டு வைக்கத் தெரியாதவர்கள் எதற்குச் சொர்ணவாரி போடுகிறார்கள்? ஆடி 18-ல் நாற்று விட்டு, சொர்ணவாரி அறுத்துத் தொழி (சேற்றுழவு) ஓட்டி, நாற்பது நாள் நாற்றை நட்டால் சரியாக இருக்கும். எங்கள் அம்மா அன்றைக்குக் கொசஸ்தலைக் கரையில் படைத்து, ஈரக் கையோடு வந்து முதல் பிடி விதையைத் தூவுவார். அந்தக் கை விட்ட நாளைத் தப்பு என்று நேற்று வந்தவர்கள் சொல்ல நான் கேட்கவேண்டுமா?

சோழவரத்தான் (இரவு 10:20)
அம்மாவை நான் ஒன்றும் சொல்லவில்லை, அதை இங்கே கொண்டுவராதீர்கள். ஆடியில் நாற்று விட்டால் புரட்டாசி வரை தண்ணீர் எங்கிருந்து? சாயங்காலம் இடி மழை வந்தால் உண்டு, இல்லையென்றால் போர்க் கிணறுதான். மீஞ்சூர் பக்கம் கடல் நீர் நிலத்தடியில் உள்ளே வந்தது 1960-களிலிருந்தே பேசுகிற விஷயம். உப்பு ஏறிய போர்த் தண்ணீரில் இளம் நாற்று நுனி கருகி வெளுத்துப் போகும். உங்கள் பக்கம் அப்படிப் பார்த்திருக்கிறேன். ஆவணிக் கடைசியில் விட்டால் நடவுக்கு மேல் மழைத் தண்ணீரே கிடைக்கும், உப்பும் கழுவிப் போகும்.

மீஞ்சூர் கழனி (இரவு 10:24)
உப்பு எப்படி வந்தது என்று ஊருக்கே தெரியும். சோழவரம், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் கழனிக் கிணற்றைத் தண்ணீர் லாரிக்கு இறைத்து விற்றார்களே, அந்தக் காசில் யார் வீடு கட்டினார்கள் என்று பேசலாமா? தண்ணீரை விற்றவர்கள் எங்களுக்கு உப்புப் பாடம் எடுக்கிறார்கள்.

சோழவரத்தான் (இரவு 10:26)
என் கிணற்றிலிருந்து ஒரு லாரி கூடப் போனதில்லை. வந்து பாருங்கள். மீஞ்சூரில் லாரி ஓடவே இல்லையா?

மாதவரம் மாடி (இரவு 10:31)
காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த பிறகு லாரிக்கு எடுப்பது எவ்வளவு குறைந்தது என்று யாராவது...

மீஞ்சூர் கழனி (இரவு 10:32)
தம்பி, பெரியவர்கள் பேசும்போது நடுவில் வராதே.

கும்மிடி மானாவாரி (இரவு 10:45)
எங்கள் பக்கம் நாற்றங்காலும் கிடையாது, ஆடி 18 கணக்கும் கிடையாது. கோடை மழையில் உழுது போட்டு, ஆடி ஆவணியில் ஈரம் கிடைத்த அன்றைக்குப் புழுதியில் விதைப்போம். மழை வந்து ஏரி நிறைந்ததும் அதே பயிர் நன்செய்ப் பயிராகிவிடும். நடவுக் கூலி மிச்சம். களைதான் பெரிய பாடு, முதல் முப்பது நாளில் இரண்டு தடவை எடுக்காவிட்டால் நெல்லைத் தேடவேண்டும். நீங்கள் இரண்டு பேரும் பேசுகிற நாள் எங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

சோழவரத்தான் (இரவு 10:52)
பொருந்தாது என்றுதான் நானும் சொல்கிறேன்! எல்லாருக்கும் ஆடி 18 என்று ஒரே நாளை எப்படி எழுதி வைப்பது?

மீஞ்சூர் கழனி (இரவு 10:54)
அவர் ஆடி என்றுதான் சொன்னார். படியுங்கள்.

சோழவரத்தான் (இரவு 10:55)
ஆடி ஆவணி என்றார். நீங்கள் படியுங்கள். 18 என்று எங்கே இருக்கிறது?

ஆரணிக்கரை (இரவு 11:02)
இன்னொன்று. எந்த நாளில் விட்டாலும் பயிர்க் காப்பீட்டை விடாதீர்கள். சம்பா நெல்லுக்கு நம் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். அடங்கல் (பயிர்ச் சான்று) வாங்கப் போகிற இடத்தில் இன்று வா நாளை வா என்பார்கள், அதனால் ஐப்பசி பிறந்ததும் போய்விடுங்கள். மிக்ஜாம் வருஷம் நான் கடைசி இரண்டு நாளில் போய், கணினி மையத்தில் சாயங்காலம் வரை நின்று, பதிவாகாமல் திரும்பினேன். அதற்கு அப்புறம்தான் புயல் வந்தது. மூன்று ஏக்கர்.

செங்குன்றம் மில் (இரவு 11:06)
வருத்தமாக இருக்கிறது அக்கா.

மீஞ்சூர் கழனி (இரவு 11:09)
அக்கா, நீங்கள் அந்த வருஷம் எந்த நாளில் விட்டீர்கள்?

ஆரணிக்கரை (இரவு 11:12)
ஆவணி 10, பி.பி.டி. 5204 ரகம். பூ எடுக்கவில்லை, கதிர் பொதிக்குள் இருந்தது. ஆனால் பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது, எழுந்த கதிரில் குலை நோய். பாதிதான் தேறியது.

மீஞ்சூர் கழனி (இரவு 11:13)
பார்த்தீர்களா! ஆவணியில் விட்டதும் பாதிதான்!

சோழவரத்தான் (இரவு 11:15)
பாதி தேறியது என்றார். ஆடி 18-ல் விட்ட எனக்குப் பத்தில் நாலு. எது அதிகம்? பி.பி.டி.க்குக் குலை நோய் சாதாரணமாகவே வரும், அதை நாளின் மேல் போடாதீர்கள். இந்த வருஷம் நான் இரண்டு ஏக்கரில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறேன், ஏக்கருக்கு இருபது கிலோ. நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழுதுவிட்டு ஆவணி 25-ல் டி.கே.எம். 13 விடப்போகிறேன். கிலோ விதைக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ், நோய் தடுக்கிற நுண்ணுயிர். தையில் அறுத்த கையோடு உளுந்து. என் கழனி ஏரிக்கரை ஓரம் மேட்டில் இருக்கிறது, மூழ்காது. பொங்கல் முடிந்து படம் போடுகிறேன், எல்லாரும் பாருங்கள்.

மீஞ்சூர் கழனி (இரவு 11:18)
மேட்டுக் கழனி வைத்துக்கொண்டு தாழ்வில் இருக்கிறவர்களுக்கா இவ்வளவு நேரம் நாள் சொன்னீர்கள்?

சோழவரத்தான் (இரவு 11:20)
நான் யாருக்கும் நாள் சொல்லவில்லை. நாள் சொன்னது அந்தக் குரல் பதிவு.

மீஞ்சூர் கழனி (இரவு 11:21)
அந்தக் குரல் பதிவு என் மச்சான் பேசியது. நாளைக் காலை இங்கேயே வருவார், அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

மாதவரம் மாடி (இரவு 11:34)
டி.கே.எம். 13 விதை யாரிடம் கிடைக்கும்? ஒரு ஏக்கருக்குத்தான்.

சோழவரத்தான் (இரவு 11:36)
தனியாகச் செய்தி அனுப்பு தம்பி. மச்சான் வரட்டும், ஜனவரி 5-லிருந்து முப்பது நாளைப் பின்னால் எண்ணச் சொல்லித்தான் முதலில் கேட்பேன்.

ஆரணிக்கரை (இரவு 11:41)
அவரிடமே கேட்கிறேன். 155 நாள் எதிலிருந்து?