நாமளே கல் வைத்துச் சுவர் கட்டியவர்கள் வாங்க: மனசை விட்டுப் போகாத சம்பவம் ஒன்று சொல்லுங்க

மண்டபம் மேற்கு
கச்சான் காற்று அடிக்கிற மாதம்தான் எனக்கு லீவு கிடைத்தது. பாத்திரம் துலக்குற இடத்துக்கு ஒரு குட்டைச் சுவர். சுவர் செங்குத்தா என்று பார்க்க நூலில் தொங்கவிடுகிற தூக்குக்குண்டு நிற்கவே மாட்டேன் என்கிறது, காற்றில் ஆடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தா பழைய கொத்தனார். வேலி ஓரமாக நின்று பார்த்தவர் உள்ளே வந்தார். ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு, குண்டை அதற்குள் தொங்கவிட்டார். ஆட்டம் அடங்கிப்போச்சு. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டார். அவரிடம் இன்னும் என்னென்ன இருந்திருக்கும் என்பதுதான் குடைகிறது.

தங்கச்சிமடத்தான்
வாளி வித்தை ஆள் உயரத்துக்கு மேல் போகிற சுவருக்குச் சரி. குட்டைச் சுவருக்கு ரசமட்டத்தை (குமிழி வைத்த மட்டப்பலகை) நட்டுக்குத்தலாகச் சாத்திப் பார்த்தால் போதாதா?

என் விஷயம் மணல். "ஆத்து மணல்தாண்ணே" என்று லாரி டிரைவர் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து, முகம் மாறாமல் முழுங்கினார். நானும் வைத்தேன். கரித்தது. உள்ளங்கையில் சிப்பித் துண்டு வேறு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம். வேண்டாம் என்று அனுப்பினேன், அடுத்த தெருவில் தட்டிவிட்டுப் போனார். அந்த வீட்டில் வாசல், ஜன்னலுக்கு மேல் போட்ட லிண்டலுக்குள் இருக்கிற கம்பி, அந்த உப்பில் துருப்பிடித்து இப்போது என்ன கதியோ.

உச்சிப்புளி ரயிலடி
எல்லாப் பழியையும் மணல் மேல் போடாதீங்க தம்பி. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தீங்களா? ராமேஸ்வரம் தீவுப் பக்கம் மணலில் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர், ஆழமாக போர் இறக்கினால் உப்பு. அந்த உப்புதான் சுவர் காயும்போது ஈரத்தோடு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும்.

என் அனுபவம் சின்னது. சாந்து ஈரமாக இருக்கும்போதே எங்க வீட்டு ஆடு சுவர் மேல் ஏறி நின்று என்னையே பார்த்தது. அவ்வளவுதான்.

புதுசாகக் கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். செங்கலைத் தண்ணீரில் போட்டால் குமிழி வரும். அது நிற்கிற வரை ஊறட்டும், எடுத்து நீர் வடியவிட்டு வையுங்க. காய்ந்த கல்லை வைத்தால் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. சாந்துக்கு, ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல், நாலரை இஞ்ச் சுவர் என்றால் ஒன்றுக்கு நாலு. நம்ம வெயிலில் அரை மணி நேரத்துக்கு ஆகிற அளவு மட்டும் குழையுங்க, இறுகின கலவையில் தண்ணீர் விட்டுக் கிண்டுகிற வேலை ஆகாது. முதலில் இரண்டு மூலையையும் ஏற்றிவிட்டு நூல் கட்டுங்க. இரண்டு கல் சேருகிற மூட்டுக்கு நேர் மேலே அடுத்த வரிசை மூட்டு வரக் கூடாது. செங்கல் முகத்தில் இருக்கிற பள்ளம் மேலே பார்க்கட்டும். ஒரே நாளில் மூன்று, மூன்றரை அடிக்கு மேல் ஏற்றினால் அடி வரிசை பிதுங்கும். குறைந்தது ஏழு நாள் நனையுங்க, நல்ல தண்ணீரில். சாக்கு போர்த்தி நனைத்தால் காற்றுக்கு ஈரம் நிற்கும். சாந்து பூசுகிற கொத்துக்கரண்டியை அன்றன்றே கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வையுங்க. நம்ம ஊர்க் காற்று இரும்பைச் சும்மா விடாது.

தங்கச்சிமடத்தான்
தண்ணீர் நல்ல தண்ணீர்தான் அண்ணே. நான் சொன்னது மணலைப் பற்றி.

கீழக்கரை நடுத்தெரு
வாப்பாவோட வாப்பா காலத்துச் சுவர், பவளக்கல்லும் சுண்ணாம்பும். ஒரு பக்கம் இடித்துச் செங்கல் வைக்கப் போனேன். சுத்தியல் போட்டால் கல் உடைகிறது, சாந்து உடையவில்லை! உடைந்த முகத்தில் பூப்பூவாக வரி. இனி அந்தக் கல் கிடைக்காது. 2001லேயே பவளத்தை வனவிலங்குச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், கடலில் இருந்து எடுத்தால் ஜெயில்தான். அது சரியும்தான். ஆனாலும் அன்றைக்குச் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மீதிச் சுவரை இன்னும் தொடவில்லை.

தேவிபட்டினம் அக்கா
கோழிக்கூடு கட்ட டவுனில் கரண்டி வாங்கப் போனேன். "வீட்டுக்காரர வரச் சொல்லுங்கம்மா, சைஸ் தெரியும்" என்றார் கடைக்காரர். சித்தாளாகப் பத்து வருஷத்துக்கு மேல் சாந்துச் சட்டி தூக்கியவள் நான். எந்தக் கொத்தனார் எந்தக் கரண்டி பிடிப்பார் என்று எனக்குத் தெரியாதா? சுவரில் மாட்டியிருந்ததை நானே இறக்கி, கைப்பிடி ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்து, காசை வைத்துவிட்டு வந்தேன். மிச்சச் சில்லறை கூட வாங்கவில்லை, அதுதான் இப்போ வயிற்றெரிச்சல்.

உச்சிப்புளி அண்ணே, ஆட்டைக் கட்டிப்போட்டு வேலை பாருங்க.