கடிக்கத் தொடங்கிய எங்கள் முதிய நாய்: இரண்டு மாதங்களுக்குப் பின்

12 வயதான எங்கள் பொமரேனியன், தூக்கப் போனவர்களின் கையையெல்லாம் கடிக்கிறது என்று இரண்டு மாதங்களுக்கு முன் எழுதி யோசனை கேட்டிருந்தேன். முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள் என்று சிலர் சொன்னதே சரியாயிற்று. கால்நடை மருத்துவர் பார்த்தபோது கடைவாய்ப் பற்கள் இரண்டு ஈறோடு அழுகியிருந்தன. பின்னங்கால் மூட்டுகளிலும் தேய்மானம் இருந்தது. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருப்பது தெரிந்த பிறகு, மயக்க மருந்து கொடுத்துப் பற்களைப் பிடுங்கி, மூட்டு வலிக்கு நாய்களுக்கென்றே உள்ள மருந்தை எழுதிக் கொடுத்தார். (வீட்டிலிருந்த பாராசிட்டமாலைக் கொடுக்கலாமா என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது நாயின் கல்லீரலைக் கெடுத்துவிடும்.)

இப்போது தூக்கினால் கடிப்பதில்லை. ஆனால் கண்புரையும் காது மந்தமும் இருப்பதால், தூக்கத்தில் தொட்டால் இன்னும் பல்லைக் காட்டுகிறது. ஆகவே தரையைத் தட்டி, அந்த அதிர்வில் அது விழித்த பிறகே நெருங்குகிறோம். படுக்கையையும் குழந்தைகள் ஓடியாடும் கூடத்திலிருந்து அம்மாவின் அறைக்கு மாற்றிவிட்டோம். உறுமும்போது அதட்டினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கப் பழகிவிடும் என்பதை அப்பாவுக்குப் புரியவைப்பதுதான் இன்னும் பெரும்பாடாக இருக்கிறது.